தயங்காதே, ஸ்பானிஷும் உன் நாக்குக்கு வசப்படும்!

ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாய். வணக்கம் சொன்னாய், விலை கேட்டாய், நேற்று நடந்ததைக்கூடச் சொல்லப் பழகினாய். ‘இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்’ என்ற பெயரைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டாய். தாம்பரத்துத் தம்பியே, தங்கையே, திற அந்தப் புத்தகத்தை!

“எனக்கு இங்கிலீஷே தகராறு, இது எங்கே வரும்?” என்கிறாயா? இந்தப் பாடத்துக்கு ஆங்கிலம் வேண்டியதே இல்லை. இதற்கான சாவி உன் தாய்மொழியில் இருக்கிறது.

‘பேசினார்கள்’ என்பது இறந்தகாலம். ‘ஆர்கள்’ போய் ‘ஆல்’ வந்தால் ‘பேசினால்’. சாப்பிட்டார்கள், சாப்பிட்டால். வாழ்ந்தார்கள், வாழ்ந்தால். நடக்காத ஒன்றை நினைத்துப் பார்க்க, நடந்துமுடிந்த காலத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறாய். பால்குடி மறந்த நாள் முதல் இதைச் செய்துவருகிறாய்.

ஸ்பானிஷ்காரரும் இதையேதான் செய்கிறார். ‘அப்லாரோன்’ என்றால் பேசினார்கள். கடைசி ‘ரோன்’ போய் ‘ரா’ வந்தால் ‘அப்லாரா’. கொமியெரோன், கொமியெரா. பிபியெரோன், பிபியெரா. பேசு, சாப்பிடு, வாழ் என்ற மூன்று வினைகளும் உன் கையில்! ஒழுங்கான வினைகள் அத்தனையும் இந்த மூன்றின் வழியில்தான் போகும். முரண்டு பிடிக்கும் வினைகள்கூட ‘அவர்கள்’ இறந்தகால வடிவம் தெரிந்துவிட்டால் இதே விதிக்குக் கட்டுப்படும். விதிவிலக்கே இல்லாத விதியைக் கண்டா பயந்தாய்?

எங்கே பயன்படுத்துவது? நடக்க வாய்ப்பில்லாததையோ அரிதானதையோ சொல்லும்போது: “நான் மாட்ரிட்டில் வாழ்ந்தால்...” என்று இங்கிருந்தே கனவு காணும்போது. “என்னைப் பேசச் சொன்னார்” என்று, முன்பு ஒருவர் கேட்டதை எடுத்துச் சொல்லும்போதும் இதே ‘அப்லாரா’தான். ஆனால் நாளை மழை பெய்தால் குடை எடுப்பேன் என்பது நடக்கக்கூடியது; அதற்கு ஸ்பானிஷில் சாதாரண நிகழ்காலமே போதும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் ஆணியடித்து வை.

நேரமில்லை என்று சொல்லாதே. பீச் ரயிலில் ஏறுகிறாய் அல்லவா? தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று ஆறு நிலையங்கள். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவங்கள்: அப்லாரா, அப்லாராஸ், அப்லாரா, அப்லாராமோஸ், அப்லாராயிஸ், அப்லாரான். நிலையத்துக்கு ஒன்றாக வாய்விட்டுச் சொல். ஆறிலும் அழுத்தம் ‘லா’வில் விழட்டும். ‘அப்லாரா’வின் கடைசி ‘ரா’வில் அழுத்தினால் ‘பேசுவார்’ என்று எதிர்காலமாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும்!

வயது போய்விட்டது என்றும் சொல்லாதே. 1913இல் இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகள், முப்பது வயதைக் கடந்த பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழை முறையாகக் கற்றார். ஸ்பானிஷ் உட்படப் பல ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்தன. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்நின்றவர் அவர். வயதைக் கணக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் 20. ஸ்பெயின் அரசின் சான்றிதழான ‘டெலே’ தேர்வில் பி2 நிலைக்குப் போகிறவர் இந்த வடிவத்தைத் தாண்டாமல் போக முடியாது. அதற்கு முன்னால் நின்றுவிடுகிறவர்கள் பலர். நீ நிற்காதே! கடந்துவிட்டால் விலை கேட்பதோடு உன் பேச்சு முடியாது. விருப்பத்தைச் சொல்வாய், ஐயத்தைச் சொல்வாய், கனவைச் சொல்வாய்.

இன்றிரவே பத்து வினைகளை எழுது. ‘ரோன்’ நீக்கு, ‘ரா’ சேர். தவறு வந்தால் திருத்து, திருத்தியதை உரக்கச் சொல். நாளை வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது, முதலில் உயரும் கை உன் கையாக இருக்கட்டும்!