நள்ளிரவுக்கு நியாயமான கூலி எது?

சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் ஊர் திரும்பும் வழியை வீட்டிலுள்ளோர் நன்கறிவர். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பினும், அயல்நாட்டு விமானங்கள் அங்கே இறங்குவதில்லை. பெங்களூர், கோவை, திருச்சி, சென்னை ஆகியவற்றுள் ஒன்றில் இறங்கி, எஞ்சிய தொலைவைத் தரைவழியே கடக்க வேண்டும். அவ்விமானங்களுள் பல வந்து சேர்வது நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான். பெட்டிகளோடும் உறங்கி விழும் குழந்தைகளோடும் வெளியே வருபவரிடம் டாக்சிக்காரர் ஒரு தொகையைச் சொல்கிறார். அது பகல் வாடகையைப் போல் ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம். மூன்று மடங்காகவும் இருக்கலாம். வந்தவர் ஒப்புக்கொள்கிறார். இருவரும் இசைந்த பின் அதில் குற்றம் காண இடமுண்டா?

இசைவு என்பது என்ன என்பதை முதலில் ஆராய்வோம். கொடுக்கல் வாங்கலுக்கு இருவரின் மனப்பொருத்தமே அடிப்படை என்று மார்க்கச் சட்டம் கூறும். ஆனால் விலை அறியாதவனின் இசைவு முழுமையான இசைவு அன்று. வெளியூர் வணிகக் கூட்டத்தாரைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை நிலவரத்தை அறிந்த பின் அவ்வணிகத்தை முறிக்கும் உரிமையும் விற்றவனுக்கு உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. அங்கே புதிதாய் வந்தவன் விற்பவன். இங்கே வாடகை கொடுப்பவன். ஆயினும் ஊர் நிலவரம் அறியாமை என்னும் காரணம் இரண்டிற்கும் பொதுவன்றோ?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலில் ஒரு வரலாற்றைத் தருகிறார்கள். பஸ்ராவில் துணி வணிகம் செய்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்கள் கடையில் இல்லாத வேளையில், அவர்களுடைய சகோதரர் மகன் இருநூறு திர்ஹம் பெறுமான ஆடையை ஒரு நாட்டுப்புற அரபிக்கு நானூறுக்கு விற்றுவிட்டார். அதையறிந்த யூனுஸ் அவர்கள் இருநூறு திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று இளைஞர் வாதிட்டார். உனக்கு எதை ஒப்புவாயோ அதையே அவருக்கும் ஏன் ஒப்பவில்லை என்று யூனுஸ் அவர்கள் கேட்டார்கள். நம் வினாவுக்கு விடை இதுவேயாகும்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் மக்களுக்கு இரவில் வண்டி ஓட்டுவதன் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறக்கத்தைத் துறந்து காத்திருப்பவர், ஒருவரை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்ப நேரிடும். அவ்வுழைப்புக்கு மிகுதி கேட்பது நியாயமே. 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் வகுத்தபோது, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதிப்பங்கு கூடுதலாக வாங்க அரசே இடமளித்தது. கைப்பேசி வழியே டாக்சி அமர்த்தித் தரும் நிறுவனங்களுக்கும் எல்லை உண்டு. நெருக்கடி நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை என மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்தன. 2025-இல் அது இருமடங்காயிற்று.

எனினும் சட்டம் மேல்வரம்பையே சொல்லும். அதற்குள் எது நேர்மை என்பதை மனச்சான்றுதான் சொல்ல வேண்டும். இரவுக்காகக் கேட்கும் மிகுதி கூலி. வந்தவரின் திகைப்புக்காகக் கேட்கும் மிகுதி கூலியன்று. இரண்டையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. அதே வேளையில், அதே தொலைவுக்கு, நிலவரமறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டாலும் அத்தொகையையே சொல்வாரா? சொல்வாரெனில் அது கூலி.

இவ்வளவுகோல் பயணிக்கும் பொருந்தும். மாலை முதல் ஒரு சவாரியும் கிட்டாத ஓட்டுநரின் முடையைக் கண்டு அடிமாட்டு விலைக்கு அமர்த்துவோர் உண்டு. வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கிய பின், பேசிய தொகையைக் குறைப்போரும் உண்டு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு அது அழகாகுமா? முடைப்பட்டவன் எப்பக்கம் நிற்பினும், அவன் முடையை விலையாக்காதிருப்பதே நேர்மை.