பொதுக் காடும் தனியறமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் மான்வேட்டைப் பருவமும் வந்துவிட்டது எனலாம். சொந்த நிலமுடையோர் தம் நிலத்திலேயே வேட்டையாடுவர். நிலமற்றோர்க்குப் பொதுக் காடுகள் உள்ளன. கூட்டரசின் தேசியக் காடுகள் மட்டுமே ஏறத்தாழ 19 கோடி ஏக்கர் பரப்புடையன. அவற்றின் பெரும்பகுதியில், மாநில உரிமம் பெற்ற எவரும் வேட்டையாடலாம். அவ்வாறு செல்வோருள், தந்தையோ தமையனோ கற்றுத்தராமல், முதன்முறையாகத் தனியே காட்டில் கால்வைக்கும் புதியவனும் உண்டு. அவனைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளை வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு இது பேசத்தக்க பொருளா என்று சிலர் புருவம் நெரிக்கலாம். காலையில் அவ்வதிகாரத்தை நடத்திவிட்டு மாலையில் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கிச் செல்வோர் நம்முள் இல்லாமலில்லை. நமக்காக வேறொருவன் கத்தி பிடிக்கின்றான். அவன் முகத்தையும் நாம் பார்ப்பதில்லை. வேட்டைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவனைப் பழிக்கும் முன் சற்று நிதானிப்பது நலம்.

மான் யாருக்குச் சொந்தம்? பழைய இங்கிலாந்தில் அரசக் காட்டு மான் மன்னனுக்குரியது. அதைக் கொன்ற குடியானவன் தண்டனைக்குரியவன். அமெரிக்காவிலோ, காட்டுயிர் மக்கள் அனைவர்க்கும் பொது, அரசு அதன் காவலன் மட்டுமே என்னும் கொள்கை வேரூன்றிற்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896இல் காட்டுயிர்கள் மாநில மக்களுக்குப் பொதுவில் உரியவை என்றது. அத்தீர்ப்பு 1979இல் மாற்றப்பட்டபோதிலும் காவற்பொறுப்பு மாநிலங்களிடமே நிலைத்தது. கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால், பொது என்றதும் மனிதன் என்ன செய்தான்? இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை இருந்தவரை சுட்டுத் தள்ளினான். 1900ஆம் ஆண்டளவில் வெண்வால் மான்கள் சுமார் 5 இலட்சமே எஞ்சியிருந்தன என மதிப்பிடுகின்றனர். அதன்பின்னரே சட்டங்கள் இறுகின. 1937இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், துப்பாக்கி, தோட்டாக்கள்மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. இன்று அம்மான்கள் ஏறத்தாழ 3 கோடி. கொல்லப் புறப்பட்டவன் செலுத்தும் பணமே அந்த இனம் வாழவும் துணை நிற்கின்றது!

மான்கள் பெருகியதால் வேறு தொல்லைகள் வந்தன. இளங்கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால் பல காடுகளில் புதுமரம் தலையெடுப்பதில்லை. சாலைகளில் ஊர்திகள் மோதி மான்களும் மனிதரும் மடிகின்றனர். எனவே வேட்டை ஒரு தொண்டே என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. ஆயினும் எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. மானை உண்டு வாழ்ந்த ஓநாயை அந்நிலங்களிலிருந்து அழித்தொழித்தவனும் மனிதன். ஓநாயின் வேலையைத் தான் செய்வதாகக் கூறிக்கொள்பவனும் அவனே. மேலும், விடியற்காலைக் குளிரில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் புதியவன் காட்டின் நலத்தை எண்ணியா அமர்ந்திருக்கின்றான்? அவனுக்கு மான் வேண்டும். அதை அவன் ஒப்புக்கொள்வதே நேர்மை.

அவன் கற்கவேண்டியவை பல. பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறவேண்டும். துப்பாக்கி வேட்டைக் காலத்தில், பிறர் தன்னை மானென்று மயங்கிச் சுடாதிருக்க, கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடை அணியுமாறு பல மாநிலங்கள் பணிக்கின்றன. காற்று எத்திசையில் வீசுகின்றது என்பதை அறியவேண்டும். மனித வாடை பட்டால் மான் அவ்விடத்தில் நில்லாது. இவையெல்லாம் திறமைகள். இனி வருவதோ வேறு வகை. மானுக்குப் பின்னால் என்ன உள்ளது என்பது தெரியாமல் சுடலாகாது. முன்னங்காலின் பின்புறத்தே நுரையீரலும் இதயமும் அமைந்த இடம் தெளிவாகத் தென்படாவிடில் சுடலாகாது. ஓடும் மானைச் சுட ஆசை எழும், அடக்கவேண்டும். சுட்ட பின்னரும் உடனே பாய்ந்தோடலாகாது. அடிபட்ட மான் சிறிது தூரம் ஓடிப் படுக்கும். துரத்தினால் உயிர்த்துடிப்போடு எழுந்து இன்னும் நெடுந்தொலைவு ஓடும். ஆகவே அரைமணி நேரமேனும் இருந்த இடத்திலேயே காத்திருக்கச் சொல்கின்றனர். தான் செய்த செயலோடு தனித்திருக்கும் அந்த அரைமணி நேரம் எந்த வகுப்பிலும் கற்பிக்கமுடியாத பாடம் என்று நினைக்கின்றேன்.

ஆல்டோ லியோபோல்ட் என்னும் அமெரிக்கக் காட்டியல் அறிஞர், தாம் மறைந்த மறு ஆண்டாகிய 1949இல் வெளிவந்த நூலில், வேட்டைக்காரனின் செயலைக் கண்டு கைதட்டவோ இகழவோ பார்வையாளர் இலர் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். விளையாட்டுத் திடலில் நடுவர் உண்டு. தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் உண்டு. காட்டிலோ, தொலைவு மிகுதி என்று அறிந்தே விசையை அழுத்தியவனையும், அழுத்தாமல் விட்டவனையும் யாரும் வேறுபடுத்திக் காணப்போவதில்லை. பொதுநிலத்தில் இது இன்னும் கூர்மையடைகின்றது. தன் நிலத்தில் தவறிழைப்பவனுக்கு நாளைக்கும் அதே நிலத்தில்தான் வேலை. பொதுக் காட்டுக்கு வந்தவனோ வண்டியேறிப் போய்விடலாம்.

ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். பொழுது சாயும் வேளை. புதியவன் சுட்டான், குறி சற்றே பிசகிற்று. காத்திருந்து, உதிர்ந்த இலைகளின்மேல் சிந்திய குருதித் துளிகளைக் குனிந்து பார்த்துத் தொடர்கின்றான். துளிகள் ஒரு கம்பிவேலியை அடைந்து மறுபுறம் தொடர்கின்றன. பொதுக் காடு அங்கே முடிகின்றது. அப்பால் தனியார் நிலம். பல மாநிலங்களின் சட்டப்படி, அடிபட்ட மானைத் தேடுவதற்காயினும் உடையவரின் இசைவின்றி வேலி தாண்டலாகாது. தாண்டினால் அத்துமீறல். தாண்டாமல் திரும்பினால், தான் காயப்படுத்திய உயிர் இருளில் கிடந்து துடிக்கும். இசைவு கேட்கப் போனால் நேரம் கழியும். வேட்டையை வெறுக்கும் ஒருவர் அவ்வீட்டில் இருந்தால் வசைமொழியும் கேட்கவேண்டி வரும். திரும்பிப் போவதுதான் எல்லாவற்றினும் எளிது.

அவன் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை அகற்றுகின்றான். கடைசித் துளி கண்ட இடத்தில் அடையாளமாக ஒரு துணியைக் கட்டுகின்றான். பின்னர் வேலியோரமாகவே நடந்து, சாலையைப் பிடித்து, விளக்கெரியும் அவ்வீட்டின் வாயிலுக்குச் சென்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுகின்றான்.