ஓய்வும் திருத்தொண்டும்



உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றாரை உலகத்தார் வினவுவது, “இனிப் பொழுது எவ்வாறு போகும்?” என்பதாம். பொழுது ஒருவர் போக்காமலே போகும். அவருயிர் இனி எதனைச் சார்ந்து நிற்கும் என்பதே வினவற்பாலது.

தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்க்கு ஓய்வு வயது 2020-ஆம் ஆண்டில் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. எத்துணை உயர்த்தினும் ஒருநாள் அவ்விருக்கை பிறர்க்கு ஆகியே தீரும். முப்பதாண்டு அதிகாரி என்றும் ஆசிரியர் என்றும் அழைக்கப்பட்டவர், மறுநாட் காலையில் அப்பெயரின்றி எழுகின்றார். உபகாரச் சம்பளம் குறைவின்றி வரினும் அவர்க்கு ஒரு வெறுமை தோன்றுகின்றது. பற்றுக்கோடு நீங்கியமையே அதற்குக் காரணமாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத் துணிபு. செம்மலரை அடுத்த படிகம் செந்நிறமும், நீலத்தை அடுத்தது நீலநிறமும் காட்டுதல் போல, உயிரும் ஒன்றைச் சார்ந்தன்றி நில்லாது. ஆகலின், ஒன்றுஞ் செய்யாதிருத்தலே ஓய்வு என்பார் உயிரியல்பு உணராதவர். நற்சார்பு வாயாதவழி அது பழம் பதவியின் நினைவையும், அயலார் குற்றத்தையும், தன் உடம்பின் நோயையும் சார்ந்து அவற்றின் வண்ணமாய் ஒழியும்.

நற்சார்பாவது யாதோவெனின், ஊதியமும் புகழும் கருதாமல் செய்யுந்தோறும் உள்ளம் உவக்கும் ஒரு பணியாம். அப்பர் பெருமான் முதுமையினும் உழவாரப்படையைக் கைவிட்டிலர். திருப்புகலூரில் அப்படை புக்க இடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்க, அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே எண்ணி வாவியில் எறிந்தனர் என்பது பெரியபுராண வரலாறு. பணியே இன்பமாயினார்க்குப் பொன் இடையூறாய்த் தோன்றியதில் வியப்பு யாதுளது?

“அது நாயன்மார்க்கன்றோ இயலும்?” எனின், அண்மைக் காலத்தார் ஒருவரைக் காட்டுதும். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பால் பயின்ற டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், 1855-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியினின்றும் 1919-இல் ஓய்வு பெற்றார்கள். அதன் பின்னரே பெருங்கதை 1924-இலும் குறுந்தொகை 1937-இலும் அவர்கள் பதிப்பாக வெளிவந்தன. உத்தியோக காலத்தில் இராப்பொழுதையும் விடுமுறையையும் கொண்ட ஏட்டாராய்ச்சி, ஓய்வின்பின்னும் இடையறாது தொடர்ந்தது. இதனால் அறியற்பாலது ஒன்றுண்டு: புதுப்பணி தேடி மயங்குவோர், முன்பு விரும்பியும் நேரமின்றிக் கைவிட்டது யாதென நினைந்து பார்க்கக் கடவர். சிறார்க்குத் தேவாரம் பயிற்றலோ, நந்தவனம் பேணலோ, ஏடு பெயர்த்தெழுதலோ, கண்ணொளி குன்றினார்க்கு நூல் படித்துக் காட்டலோ, தம் உடல்வலிக்கு இயைந்தது ஒன்று கிடைக்கும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கை வேண்டும். திருக்கோயிற் பணிக்கு வந்தவர் சின்னாளில் பூத்தொடுப்பாரையும் விளக்கிடுவாரையும் அதட்டி ஏவத் தொடங்குவாராயின், அவர் ஓய்வு பெற்றிலர். கச்சேரியை மாற்றிக்கொண்டார், அவ்வளவே. யான் எனது என்னும் செருக்கு அற்றவழியன்றோ சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றல் கைகூடும்? இனி, இல்லக்கிழத்தியார்க்கு ஓய்வுநாள் என ஒன்றை எவரும் குறித்திலர். அறுபது கடந்தும் அடுக்களையில் உழலும் அவர் தோளின்மேல் தம் தொண்டினை ஏற்றிவைத்தல் அறமாகாது. அச்சுமையிற் பங்கு கொள்ளுதலும் தொண்டேயாம்.

ஆதலின் அன்பர்காள், இருக்கை நீங்கும் நாள்வரை காத்திராது, இன்றே ஒரு சிறு பணியை மேற்கொண்டு அதன் சுவையறிமின். அதனை முன்னரே சார்ந்த உயிர்க்கு ஓய்வுநாள் இழவுநாளாகத் தோன்றாது. தொண்டிற்குத் தடை நீங்கிய நன்னாளாகவே தோன்றும்.

சிவம் பெருகுக.