திதியும் தூரமும்

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் வரை வான்வழியே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேர் விமானம் அதனைப் பதினொரு மணி நேரமளவிற் கடந்துவிடும். ரொறன்ரோவுக்கோ இடையில் இறங்கி ஏறி ஒரு முழுநாள் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தாயை இழந்த பிள்ளைகள் இவ்விரு நகரங்களிலும் வாழ்கின்றபடியால், ஆட்டத்திவசத்தை எந்த ஊர்க் காலப்படி செய்வதென்னும் வினா ஆண்டுதோறும் தொலைபேசியில் எழுகின்றது.

சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகுங் காலமே ஒரு திதியாதலின், அது பிறப்பதும் முடிவதும் உலகனைத்துக்கும் ஒரே கணத்திலாம். ஆயினும் கொழும்பில் பிற்பகல் நான்கு மணியாகும்போது ரொறன்ரோவில் கோடையிற் காலை ஆறரையே ஆதலால், சிரார்த்தத்துக்குரிய அபராண்ண காலம் அங்கே வருமுன் அத்திதி கழிந்துபோக, அங்குள்ள மகனுக்கு முதல்நாளே திவசநாளாதலும் உண்டு.

தாயின் மூச்சு அடங்கிய ஊரின் பொழுதே பிரமாணமென்பார் சிலர். அவ்வன்பு போற்றத்தக்கதே, முடிபோ எனக்கு உடன்பாடன்று. கருமந் தொடங்குகையில், பவித்திரம் அணிந்த கையை வலது தொடைமீது பொருத்திக் கர்த்தா சொல்லுஞ் சங்கற்பத்தில், தான் இருக்குந் தேசமும் அங்கு நடக்குங் காலமுமே கூறப்படுகின்றன. அன்றியும், ஆன்மா வியாபகமென்று சைவசித்தாந்தம் கூறுமாதலின், தூரமென்பது உடம்போடு கட்டுண்ட நமக்கேயன்றிப் பிதிர்களுக்கு ஏது?

ஆதலால், புலம்பெயர்ந்த பிள்ளைகள் தத்தம் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தையே பார்த்துத் திவசஞ் செய்க. இங்குள்ள உறவினரும், நாள் மாறிவிட்டதென்று அவர்களைக் குறைகூறாதிருப்பாராக.