தொழுகை விரிப்பான தீவு

படைப்புகளைப் பேணுவதும் இபாதத்தே என்று சொன்னால் நம்மில் சிலர் வியப்படையக்கூடும். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவற்றோடு வணக்கம் முடிந்துவிடுவதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கடலில் நீந்தும் ஆமைக்கும் நமது ஈமானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உண்டு. இக்கேள்விக்கு ஒரு சின்னஞ்சிறு தீவின் வரலாறு விடை கூறுகின்றது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவின் மேற்கே மிசாலி என்னும் பவளத்தீவு உள்ளது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பழந்தின்னி வௌவால்களும் தென்னை நண்டுகளும் வாழ்கின்றன. சுற்றிலும் பவளப்பாறைகள்; அவற்றை நம்பி மீன்கள்; மீன்களை நம்பிப் பெம்பாவின் முஸ்லிம் மீனவக் குடும்பங்கள்.

முன்னொரு காலத்தில் ஹிள்ரு (அலை) அவர்கள் இங்கு வந்து தொழுகை விரிப்புக் கேட்டதாகவும், விரிப்பு இல்லாது போகவே, கிப்லாவை நோக்கிக் கிடக்கும் இத்தீவே தமக்கு விரிப்பு என்று கூறியதாகவும் அம்மக்கள் சொல்வார்கள். தீவின் பெயரும் அதிலிருந்தே வந்ததாம். இது செவிவழிச் செய்தியே. மார்க்க ஆதாரம் அன்று. எனினும், தொழும் விரிப்பை யாரேனும் கிழிப்பார்களா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

கிழிக்கத்தான் செய்தார்கள்! சிலர் கடலில் வெடி வைத்து மீன் பிடித்தனர். வெடி, பெரிய மீனை மட்டுமா கொல்லும்? குஞ்சுகளும் மடியும், நெடுங்காலம் வளர்ந்த பவளம் நொடியில் நொறுங்கும். வீடு இடிந்தபின் மீன் எங்கே திரும்பும்?

சட்டம் தடுத்தது, ஆனால் பரந்த கடலில் காவலர் எத்தனை பேரைக் கண்காணிக்க முடியும்? 1998ஆம் ஆண்டு மிசாலி பாதுகாப்புப் பகுதியாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் அவர்களின் இஸ்லாமியச் சுற்றுச்சூழல் நிறுவனம் அங்கு பயிற்சி நடத்தியது. திருமறை போதனைகள் மீனவர்க்கு எடுத்துரைக்கப்பட்டன. அதிகாரியின் சொல்லுக்குச் செவிசாய்க்காத பலர் அல்லாஹ்வின் சொல்லுக்குச் செவிசாய்த்து வெடியைக் கைவிட்டனர்.

அவர்கள் கேட்டது புதிய போதனையா? இல்லை. மனிதரின் கைகள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதாக அர்ரூம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதும் திருமறையின் கூற்றே. குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே! கடல் மீன் நமக்கு ஹலால்தான். ஆனால் நாளைய தலைமுறையின் பங்கையும் சேர்த்து அழித்துப் பிடிப்பது அமானத்தைப் பேணுவதாகுமா? காவலர் காணாத நடுக்கடலிலும் அல்லாஹ் காண்கின்றான் என்ற அச்சமே தக்வா. அது தொழுகை விரிப்போடு சுருட்டி வைக்கப்படுவதன்று. நம் கிணற்றிலும் வயலிலும் கடற்கரையிலும் அதுவே நம்மை வழிநடத்த வேண்டும்.

ஒப்படைக்கப்பட்ட பூமியைச் சீர்கெடாமல் திருப்பி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.