ஆமென் சொல்ல ஆள் வேண்டும்



சில நாட்களுக்கு முன் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகனைப் பறிகொடுத்து நாலு மாதம். "சுவாமி, செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் வரவில்லை. எனக்கு விசுவாசம் போய்விட்டதா?" என்று கேட்டார்.

இதற்கு மறுமொழியை நம் ஆண்டவர் பிறந்த யூத ஜனத்தாரிடமிருந்து படித்துக்கொள்வோம். அவர்களோடு நமக்குள்ள ஞான உறவை 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வத்திக்கான் சங்கம் நினைப்பூட்டியிருக்கிறது.

சர்வேசுரன் அறிவித்த சத்தியங்களை ஏற்றுக்கொள்வது விசுவாசம் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அது மெய்யே. யூதர் விசுவாசத்துக்கு வழங்கும் சொல் "எமுனா". தளராமல் நிற்பது என்றும் அதற்குப் பொருள் உண்டு. "ஆமென்" அதே வேரில் பிறந்தது.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் மோயீசன் குன்றின்மேல் கைகளை உயர்த்தி நின்றார். கைகள் ஓய்ந்துபோயின. ஆரோனும் ஹூரும் அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாய்த் தாங்கினார்கள். பொழுது சாயுமட்டும் கைகள் உறுதியாயிருந்தன. அந்த உறுதிக்கு எபிரேய வேதத்தில் வந்திருக்கும் சொல் "எமுனா"வே! கைகள் மோயீசனுடையவை, உறுதியோ மூவருடையது.

உற்றவரை இழந்த யூதர் சொல்லும் "கதீஷ்" என்னும் செபத்தில் மரணத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, முழுதும் தேவதுதி. பூர்வ முறைப்படி அதைத் தனியே சொல்லலாகாது. பத்துப் பேர் கூடி, "ஆமென்" என்று மறுமொழி சொல்லவேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568-ல் கட்டிய செபக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ராயேல் நாட்டுக்குப் போய்விட்டபடியால், அங்கே பத்துப் பேர் சேருவதே அரிதாயிற்று.

நமக்கோ ஆள் பஞ்சம் இல்லை. விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், அடக்கத்தன்று தெரு கொள்ளாத கூட்டம். முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அந்த வாசற்படியை மிதிப்பவர் யார்? அந்தத் தாயாருக்கு விசுவாசம் போகவில்லை, கை ஓய்ந்திருக்கிறது. தாங்கவேண்டிய நாம் எங்கே போனோம்? அவராக வந்து கேட்கும்வரை நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகையால், இந்த நவம்பர் மாதத்தில் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் நீங்கள், இவ்வருஷம் துக்கம் கண்ட ஒரு வீட்டுக்கும் போங்கள். புத்திமதி வேண்டாம். கூட உட்கார்ந்து பரலோக மந்திரத்தை நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் "ஆமென்" என்றால் போதும். அதுவும் வாயில் வரவில்லையா? அதையும் நீங்களே சொல்லுங்கள்.

ஓய்ந்த கைகளையெல்லாம் சர்வேசுரன் திடப்படுத்துவாராக. ஆமென்.