வேடம் பொய்யா?

தைப்பூசத்தன்று ஈப்போ புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவரின் காலில் வயதில் மூத்தவர்கள்கூட விழுகிறார்கள். மறுநாள் அவர் லாரி ஓட்டப் போய்விடுவார் என்பது விழுகிறவர்களுக்குத் தெரியாததல்ல. மஞ்சள் வேட்டியும் திருநீறும் அங்கே யாரையும் ஏமாற்றவில்லை. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொல்கிறது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம். கேமராவுக்கு முன்னால் வேடம் போட்டால் மட்டும் நமக்கு அது போலியாகத் தெரிகிறது. போலி, துணியில் இருப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், இங்கிலாந்தின் வைட் தீவில் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியருக்கு முக்காடு போட்டு மாதாவாகப் படமெடுத்தவர். ஆர்தர் மன்னன் கதைக்காக 1874இல் பலரைப் பழங்கால உடையில் நிறுத்தினார். மந்திரவாதி மெர்லினாக நின்றது அவருடைய கணவரேதான். மறு ஆண்டு, கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறைக்கு வந்த ஓவியர் மேரியன் நார்த்துக்கு உச்சிவெயிலில் கம்பளிச் சால்வை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தக் குத்த நிற்கவைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். (நார்த் இதைக் கேலியோடுதான் எழுதிவைத்தார்.) அங்கே கேமரன் தோட்டத் தமிழர்களையும் படமெடுத்தார். அவர்களுக்கு மாதா வேடமும் இல்லை, மன்னர் வேடமும் இல்லை; கட்டியிருந்த துணியோடு நின்றார்கள். பெரும்பாலான படங்களில் அவர்கள் பெயர் இல்லை.

ஹில்லியரின் பெயர் நிலைத்தது வேடத்தாலா, அவர் அந்த வீட்டிலேயே இருந்ததாலா என்று கேட்கலாம். வீட்டில் இருந்ததால்தான். ஆளை அறிந்தவர் போர்த்திய முக்காடு ஆளை மறைக்கவில்லை. அறியாதவர் எடுத்த படத்தில் சொந்தத் துணியே ஆளை மறைத்துவிட்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலப் படத்தொகுப்பும், தென்னிந்தியர்களுக்கு 'கிளிங்' என்று பெயரிட்டுச் சிங்கப்பூர் லம்பெர்ட் நிறுவனம் விற்ற படங்களும் அதைத்தான் செய்தன. உடை நிஜம், நின்றவரும் நிஜம்; கீழே எழுதிய சாதிப்பெயரும் இனப்பெயருமே அவருக்கு மாட்டப்பட்ட வேடம்.

வேடத்தை இப்படித் தூக்கிப் பிடித்தால் முத்தநாதன்களுக்கு வசதியாகிவிடாதா? நியாயமான கேள்வி. திருநீறு பூசி வந்து ஏட்டுக்கட்டில் ஒளித்த ஆயுதத்தால் மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தியவன் முத்தநாதன். சாகும் தறுவாயிலும் அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடும்படி தம் மெய்க்காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டார் நாயனார். அவரைப் போல எல்லோரும் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கதையில் குற்றம் திருநீற்றின்மேல் விழவில்லை. ஏட்டுக்கட்டுக்குள் இருந்ததன்மேல்தான் விழுகிறது. படத்திலும் தேட வேண்டியது உடையை அல்ல, எடுத்தவரின் உள்நோக்கத்தை.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களிலிருந்து டவுனுக்குப் போய், ஸ்டூடியோவில் இரவல் கோட்டு மாட்டிப் படம் பிடித்துக்கொண்டவர்களை நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். பால்மரம் வெட்டியவர் தாமே தேர்ந்துகொண்ட கோட்டு அது. லம்பெர்ட் படத்தில் நின்றவருக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அப்படியொரு படம் உங்கள் வீட்டில் இருந்தால், தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பெயரையும் தோட்டத்தையும் எழுதிவையுங்கள்.